சூடு தெரியாத கால்

நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே இருந்த அந்தச் சேகோ மில்லில் மத்தியானக் களம் யாருக்கும் ஆகாது. ஈர ஜவ்வரிசியைச் சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டு, அடி மேலாக, மேல் அடியாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறுவது காலால். பெண்கள் வரிசையாக நின்று, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். பின்னால் உழவுச்சால் மாதிரி கோடு விழும். பன்னிரண்டு மணிக்கு மேல் அந்தச் சிமெண்டு தோசைக்கல்லாகிவிடும். பத்து நடை நடந்தால் ஓரத்தில் போட்டிருக்கும் ஈரச் சாக்கில் ஏறிக் கால் மாற்றி நின்றுவிட்டுத்தான் அடுத்த பத்து நடை.

சென்னியம்மாள் சாக்குக்குப் போவதில்லை. நடுக்களத்தில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தனியாக நடந்துகொண்டிருப்பாள்.

"உங்காலு என்ன லாரி டயராக்கா?" என்று சாக்கின் மேல் நின்றபடி பெருமாயி கத்துவாள்.

"டயருன்னாப் பஞ்சராகும் புள்ள. இது ஆவாது."

மேஸ்திரிக்கு இதில் ஏக சந்தோஷம். "கத்துக்கங்க அந்தம்மாகிட்ட" என்று மற்றவர்களைக் குத்திக் காட்டுவார். சென்னியம்மாளுக்கும் அது பெருமையாகவே இருந்தது. எழுபத்தொன்றாம் வருடம் மழை பொய்த்து, இருந்த ஒன்றரை ஏக்கர் மானாவாரியில் எள்ளுகூட விளையாமல் போனபோது இந்த மில்லுக்கு வந்தவள். முதல் நாலு வருடம் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரித்தாள். அப்புறம் களம். ஒன்பது வருடம் களத்தில் உழைத்த காலுக்குத் தோல் தடித்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

நினைக்காமல் விட்டவை சில இருந்தன. இரண்டு வருடமாகத் தாகம் அடங்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் களத்துக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியிருந்தது. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி மில்லுக்கு நடக்கிற அரை மைலில் இடது கெண்டைக்காலை யாரோ பிடித்து முறுக்குவது போல வலி வரும். நின்றால் போய்விடும், நடந்தால் வரும். முதலில் பாலத்தடியில் ஒரு தரம் நின்றாள். பிறகு வேலிக்காத்தான் புதர் அருகிலும் நிற்க வேண்டியதாயிற்று. கூட வருகிறவர்களிடம், முள் குத்திவிட்டதென்று குனிந்து பாதத்தைத் தட்டுவாள். தினமும் அதே இடத்தில் எப்படி முள் குத்துமென்று பெருமாயி ஒரு நாளும் கேட்கவில்லை.

எண்பத்து நாலாம் வருடம் பங்குனியில் ஒரு நாள், நடந்து திரும்பும்போது தன் சாலில் ஜவ்வரிசி இளஞ்சிவப்பாக ஒட்டிக் கிடப்பதைச் சென்னியம்மாள் பார்த்தாள். நாலு சாண் தூரத்துக்கு ஒன்று, நாலு சாண் தூரத்துக்கு ஒன்று. வெற்றிலை எச்சில் என்று முதலில் நினைத்தாள். காலைத் திருப்பிப் பார்த்தபோது கட்டைவிரலுக்கு அடியில் தோல் பெரிய கொப்புளமாக எழும்பி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலி துளிகூட இல்லை. அதுதான் அவளை முதன்முதலில் பயமுறுத்தியது.

அடுத்த பயம் மேஸ்திரி பார்த்துவிடுவாரே என்பது. சிவந்த ஜவ்வரிசியை முந்தானையில் அள்ளிக் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டாள். சேலைத் துணியைக் கிழித்துக் காலில் கட்டிக்கொண்டு மிச்சக் களத்தையும் கிளறி முடித்தாள்.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துப் பதினைந்து நாள் பார்த்தார்கள். புண் ஆறவில்லை. கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் நாவற்பழ நிறத்துக்கு வந்தன. அவள் கணவன் ராசப்பன் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவன், அதிகம் பேசாதவன். ஒரு நாள் காலையில் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்தா புள்ள, ஊட்டுக்குள்ள எலி செத்துக் கெடக்குதா பாரு" என்றான். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து கட்டை அவிழ்த்தாள். அவன் பார்த்தான். அதற்கப்புறம் எலியைத் தேடவில்லை. அடுத்த பஸ்ஸில் சேலத்துக்குக் கிளம்பினார்கள்.

சேலத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்தது தனியார் ஆஸ்பத்திரி ஒன்று. பத்துப் படுக்கைதான். பெரிய டாக்டர் பாலசுந்தரம், மெட்ராஸில் ரத்தக்குழாய் சிகிச்சை படித்துவிட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. காலைப் பார்த்தார். மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். மருந்து விட்டுச் சூடாக்கியதும் அது செங்கல் நிறமானது.

"சர்க்கரை. எத்தனை வருஷமா இருக்கோ. அதுதான் காலை மரத்துப்போக வச்சிருக்கு. சூடு தெரியாம நடந்து வெந்து போச்சு" என்றார்.

மற்ற நோயாளிகளிடம் அதட்டிப் பேசுகிறவர் இவளிடம் மெதுவாகப் பேசியது சென்னியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. அந்த வார்டில் ஜன்னலோரப் படுக்கையில் இருந்த ஒரு அம்மாளிடமும் அவர் அப்படித்தான் மெதுவாகப் பேசினார். அந்த அம்மாளின் போர்வை ஒரு பக்கம் இடுப்புக்குக் கீழே ஒரு முழத்தோடு தட்டையாகிவிட்டது. அவள் தூக்கத்தில் கையை நீட்டி இல்லாத முட்டியைச் சொறிவாள். சென்னியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

நர்ஸ் ஷஹர்பானு சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். ஊசி போடுகையில் பேச்சுக் கொடுத்து வலியை மறக்கடிக்கிறவள். அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்: விரல் ரெண்டும் போனது போனதுதான். கேள்வி அதுவல்ல. விரலை எடுத்த இடம் ஆற வேண்டுமானால் பாதத்துக்கு ரத்தம் வர வேண்டும். வந்தால் விரலோடு நிற்கும். வராவிட்டால் எடுத்த இடம் அழுகும், மறுபடி எடுக்க வேண்டும், அதைவிட முட்டிக்குக் கீழே ஒரேயடியாக எடுத்துவிடுவது உயிருக்கு நல்லது.

"ரத்தம் வருதா வரலையான்னு எப்படிங்க தெரியும் அம்மிணி?"

"நாடி பாப்பாங்க. உங்க பாதம் வீங்கிக் கிடக்கு, கைவிரலால தொட்டா நாடி சிக்கலை. அதுக்கு ஒரு மிஷின் இருக்கு. ஊசி இல்லை, கத்தி இல்லை. சத்தம் மட்டும்தான்."

புதன்கிழமை முற்பகல் அந்த மிஷின் வந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர். ஒயர் முனையில் தடிப் பேனா ஒன்று. டாப்ளர் என்றார்கள். நம் காதுக்கு எட்டாத சத்தத்தை அந்தப் பேனா உள்ளே அனுப்பும். ஓடுகிற ரத்தத்தில் பட்டு அது திரும்பும். திரும்பியதைப் பெட்டி நம் காதுக்கு எட்டுகிற சத்தமாக்கித் தரும். ரத்தம் ஓடினால் ஓசை. ஓடாவிட்டால் இல்லை.

நல்ல காலை முதலில் பார்த்தார்கள். ஷஹர்பானு ஒரு டியூபைப் பிதுக்கி ஏதோ பசையைக் கணுக்காலில் வைத்தாள். ஜில்லென்றிருந்தது. டாக்டர் பேனாவை வைத்ததும் பெட்டி பேசியது: உஷ்ஷ்-ஷு, உஷ்ஷ்-ஷு, உஷ்ஷ்-ஷு. மில்லில் மாவுச் சல்லடை ஆடுகிற சத்தம் அப்படியே. தன் உடம்புக்குள் இப்படி ஒரு மில் ஓடுகிறதா என்று சென்னியம்மாளுக்குச் சிரிப்புகூட வந்தது.

பிறகு இடது கால்.

பேனா பாதத்தின் மேல் போனது. கரகரவென்றது, வறண்ட சருகில் நடப்பது போல. சற்று நகர்த்தினார். கரகரப்பு. அழுத்தினார். அதுவும் நின்றது. கணுவுக்குப் பின்னால் வைத்தார். ஒன்றுமில்லை. வார்டில் எல்லாரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஜன்னலோர அம்மாள்கூட முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தாள். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, சென்னியம்மாள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சுவிட்சை அணைத்தார்.

"வெள்ளிக்கிழமை காலையில வச்சிக்கலாம். முட்டிக்குக் கீழே" என்று ராசப்பனிடம் மெதுவாகச் சொன்னார். ராசப்பன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டான்.

அன்று முழுவதும் அவள் சாப்பிடவில்லை. சாவைப் பற்றி அவளுக்கு அவ்வளவு பயமில்லை. ஒற்றைக் காலோடு பிழைத்துக் கிடப்பதுதான் பயம். மூட்டை தூக்குகிறவன் எத்தனை நாள் அவளையும் தூக்குவான்? கொல்லைக்குப் போக யாரைக் கூப்பிடுவது? அவளே ஒரு காலத்தில் தன் மாமனாரைப் பார்த்துக்கொண்டவள். பக்கவாதத்தில் நாலு வருடம் கிடந்தவர் அவர். அவருக்குச் செய்ததில் குறை வைக்கவில்லை. ஆனால் நாலாம் வருடம் அவள் மனதில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியும். அதையே ராசப்பன் மனதில் வைத்துப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை வலது கால் அரித்தது. சொறியக் கையை வைத்தவள் நிறுத்தினாள்.

கணுக்காலுக்கு மேலே தோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நகத்தால் கீறினால் மெல்லிய வெள்ளை ஏடாக உரிந்து வந்தது. அந்த இறுக்கம் அவளுக்குப் பழக்கமானது. மாவுத் தொட்டியில் கை விட்டு, கழுவாமல் வெயிலில் நின்றால் இப்படித்தான் தோலைப் பிடிக்கும், இப்படித்தான் உரியும். நேற்று வைத்த பசை காய்ந்திருக்கிறது.

குனிந்து இடது காலைத் தடவினாள். முன்பக்கம், கணுவுக்குப் பின்னால், பாதத்தின் மேல். எங்கேயும் ஏடில்லை. இறுக்கமில்லை. கைக்கு வெறும் தோல்தான் பட்டது. ஓரிடத்தில் மட்டும் கடுகளவு ஒட்டியிருந்தது.

வலது காலுக்குப் பசை வைத்தார்கள். இடது காலுக்கு வைக்கவில்லை.

உடனே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. கேட்டு, பசை வைத்துப் பார்த்து, அப்போதும் பெட்டி பேசாவிட்டால்? இப்போதாவது, பசை இல்லாததால்தான் என்று நினைத்துக்கொண்டு போகலாம். கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும். போர்வைக்குள் காலை மடக்கிக்கொண்டு பத்து மணி வரை படுத்திருந்தாள்.

ராசப்பன் வந்ததும் அவனிடம் சொன்னாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"டாக்டருக்கே தப்புச் சொல்றியா? கோவிச்சிக்கிட்டு வெளிய போங்கன்னுட்டா எங்க போறது?"

"கோவிச்சிக்கட்டுமுங்க. காலு என்னுதுங்க."

"நாங் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"நீங்க காயிதத்துல போட்டீங்க. கத்தி எங்காலுல போடறாங்க."

ஊசியோடு வந்த ஷஹர்பானுவின் கையைப் பிடித்து, வலது காலில் ஒரு தரம், இடது காலில் ஒரு தரம் வைத்தாள். "பாரு அம்மிணி. இதுல புடிக்குது. இதுல புடிக்கல."

ஷஹர்பானு தடவிப் பார்த்தாள். ஊசியைத் தட்டில் வைத்தாள். வார்டில் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்திலும் பயம் ஏறுவதைச் சென்னியம்மாள் பார்த்தாள். ஷஹர்பானுவுக்கு நேற்றைய நினைவு வந்தது: டியூபில் இருந்ததெல்லாம் வலது காலோடு முடிந்துவிட்டது. இடது காலுக்கு டியூபைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருந்ததை வழித்து ஒரு பொட்டு வைத்திருந்தாள். டாக்டர் கவனிக்கவில்லை. போதுமா என்று அவளும் கேட்கவில்லை. பேனாவுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"எம் மேலதாம்மா தப்பு" என்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள்.

டாக்டர் போட்ட சத்தம் வார்டு வரை கேட்டது. அப்புறம் அவரே வேகமாக வந்து, இரண்டு காலையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பசை மெட்ராஸ்லேர்ந்து வரணும். நாலு நாள் ஆகும். உங்களுக்குக் காய்ச்சல் ஏறுது, விரல் அதுவரைக்கும் தாங்காது." வாஸ்லைன், எண்ணெய் என்று ஷஹர்பானுவோடு பேசினார். எண்ணெய் பேனா முனையைக் கெடுத்துவிடும், இருப்பது ஒரு பேனா என்றார். "தண்ணியா இருக்கணும், ஆனா ஓடக் கூடாது. காத்துக் குமிழி இருக்கக் கூடாது."

சென்னியம்மாள் குறுக்கிட்டாள். "கஞ்சி காச்சித் தடவுனா ஆகாதுங்களா சாமி? கெழங்கு மாவுக் கஞ்சி. கண்ணாடியாட்டம் வருமுங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். "நுரைக்குமே அம்மா."

"நொரைக்காமக் காச்சத் தெரியுமுங்க. பதிமூணு வருசமா மில்லு மாவுதானுங்க ஊட்டுல கஞ்சி."

மாவு ஆஸ்பத்திரிச் சமையற்கட்டிலேயே இருந்தது. ஊசி கொதிக்க வைக்கிற ஸ்டவ்வை வார்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஷஹர்பானு காய்ச்சினாள். படுக்கையிலிருந்து சென்னியம்மாள் அதட்டினாள். "பச்சத் தண்ணீல கரைச்சு வடிகட்டு அம்மிணி. கரண்டிய அடிக்காத, ஓரமா ஓட்டு. கொதி வந்ததும் எறக்கிடு. எறக்குன்னா எறக்கணும்!"

"மாமியாக்காரி மாதிரி வெரட்டுறீங்களே" என்றாள் ஷஹர்பானு. ஆனால் கரண்டியை ஓரமாகவே ஓட்டினாள்.

"மூடி வெச்சு ஆறவிடு. ஊதாத. ஊதுனா காத்து."

ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் சென்னியம்மாள் மூன்று முறை, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

விரல் புண்ணை நன்றாக மூடிக் கட்டிவிட்டு, கணுவைச் சுற்றிக் கஞ்சியைத் தாராளமாக வைத்தார்கள். டாக்டர் பேனாவைப் பாதத்தின் மேல் வைத்தார். இந்தத் தடவை கரகரப்பு இல்லை. ஆனால் வேறு எதுவும் இல்லை. சுத்தமான அமைதி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"நேத்து அழுத்திட்டேன். அழுத்தினா இருக்கிற ஓட்டமும் நின்னுடும்" என்று டாக்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேனாவை உள்கணுவுக்குப் பின்னால் கொண்டுபோய், தொட்டும் தொடாமலும் பிடித்து, நெல்லளவு நெல்லளவாகச் சாய்த்தார்.

ஹூ.

சென்னியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

ஹூ... ஹூ... ஹூ...

வலது கால் சல்லடை போல இது இரட்டைச் சத்தம் போடவில்லை. தூரத்தில் யாரோ அடுப்பை ஊதுவது மாதிரி, ஒற்றையாக, சோர்ந்துபோய் வந்தது. ஆனால் வந்தது. ராசப்பன் குனிந்து பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான்.

டாக்டர் கணுக்காலுக்கு மேலே ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஓசை சிறுத்தது. நின்றது. "அய்யோ நிறுத்திப்போட்டீங்களே சாமி!" என்று அவள் அலறிவிட்டாள். அவர் காற்றை மெல்ல இறக்க, ஓசை மறுபடி தலைகாட்டியது. அந்த இடத்தில் மீட்டர் முள்ளைப் பார்த்து, "எழுபது" என்றார். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது அழுத்தம் நூற்று முப்பத்தைந்து இருந்தது.

"பாதிதான் வருது. சர்க்கரைக்காரங்களுக்கு இந்தக் கணக்கை முழுசா நம்பவும் முடியாது. ஆனா ரத்தம் இருக்கு. நாளைக்கு ரெண்டு விரலை மட்டும் எடுக்கிறேன். ஆறினா கால் உங்களுது. ஆறலைன்னா திரும்ப வரணும். இதைவிட நல்லதா என்னால சொல்ல முடியாது."

ஆறுவதற்கு நாலு மாதம் பிடித்தது. ஒவ்வொரு தரம் கட்டுப் பிரிக்கும்போதும் அவள் முதலில் மூக்கால் பார்த்தாள், அப்புறம்தான் கண்ணால். வாரம் ஒரு முறை கஞ்சி தடவிக் கேட்டார்கள். மெட்ராஸிலிருந்து பசை வந்த பிறகும் ஷஹர்பானு இவளுக்குக் கஞ்சியைத்தான் காய்ச்சினாள். கடைசி நாள், தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், வெறும் காலோடு மண்ணில்கூட நடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து அவள் கையில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, யாரையாவது உள்ளங்காலில் குச்சியால் தொடச் சொல்ல வேண்டும். தொட்ட இடம் தெரிய வேண்டும். தெரியாத இடம் பெருகினால் சேலம் பஸ் ஏற வேண்டும்.

மில்லில் களத்து வேலை இனி இல்லை. சல்லடைக் கொட்டகையில் நிழலில் உட்கார்ந்து கட்டி பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள். நாளெல்லாம் காதருகில் உஷ்ஷ்-ஷு, உஷ்ஷ்-ஷு. கரண்டு போய்ச் சல்லடை சட்டென்று நிற்கும்போதெல்லாம் அவள் கை தானாகக் கணுக்காலுக்குப் போய்விடும். கையால் அங்கே ஒன்றும் தெரியாது. சூடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்.

அடுத்த மாசி கடைசியில் களம் மறுபடி காய ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் சோற்று வேளையில் பெருமாயி வந்து காலை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ இல்லாம நடுக்களம் எனக்குன்னு ஆகிப்போச்சுக்கா. மேஸ்திரி இப்ப என்னைத்தான் காட்டறாரு. கத்துக்கங்க, கத்துக்கங்கன்னு" என்று சொல்லிச் சிரித்தாள். தூக்குப்போசியில் இருந்த தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். சென்னியம்மாளுடைய சொம்பையும் இழுத்து அதையும் குடித்தாள்.

சென்னியம்மாள் கையில் இருந்த சோற்றை வைத்துவிட்டாள். மடியிலிருந்து குச்சியை எடுத்து, பேச்சுக் கொடுத்தபடியே பெருமாயியின் உள்ளங்காலில் தொட்டாள். பெருமாயி மருமகள் வைத்த குழம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். குச்சி வளைந்தது.

"உப்பு ஒரு கை, புளி ஒரு கை" என்றாள் பெருமாயி. "என்னக்கா, ஏன் இப்படிப் பாக்கறே?"

சென்னியம்மாள் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளவில்லை. அது தனக்கு வேண்டும். கொட்டகை மூலையில் கிடந்த இரண்டு சாக்கை இழுத்து, பெருமாயியின் இரண்டு பாதத்தையும் சுற்றிக் கயிற்றால் தளர்த்திக் கட்டினாள்.

"இன்னைக்குக் களத்துல எறங்காத. நாளைக்கு மொத பஸ்ஸு. நானும் வாரேன்."

"எங்கக்கா?"

"காலு பேசுதான்னு கேக்க."